லோகேஷும் மாயாவும் ஒரே நாளில் எழுத மாட்டார்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு நாலு வயதும் இரண்டு மாதமும். முன்பள்ளிக்குப் போகத் தொடங்கி எட்டு மாதம். கூடப் படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதுகிறார்கள்; இவன் முதல் எழுத்தையே சரியாகப் போடுவதில்லை, போட்டாலும் மறுபக்கம் திரும்பி இருக்கிறது. இடக்கையால் பென்சில் பிடிக்கிறான், அம்மம்மா அதை வாங்கி வலக்கையில் வைக்கிறார். போன விஜயதசமிக்குக் கோணேசர் கோயிலில் ஏடு தொடக்கியும் இன்னும் எழுத்து வரவில்லையே என்று வீட்டில் பேச்சு. பிள்ளைகள் எந்த வயதில் பெயர் எழுதுவார்கள், ஆங்கிலத்தில் தொடங்கினால் சுலபமா, டியூஷன் போடவா என்று கேட்கிறார். பெயரை அவர் சொல்லவில்லை. நெடில் கொம்பில் தொடங்கும் பெயர், கடைசியில் 'ஷ்' வரும் என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, உங்கள் கேள்வியில் முக்கியமான தகவலே அந்தக் கடைசி வரிதான். நான் தரம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் படிப்பிக்கிறேன், அதற்கு முன் முன்பள்ளியிலும் இருந்திருக்கிறேன். பிள்ளை எப்போது தன் பெயரை எழுதும் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி வயது இல்லை, "பெயர் என்ன?" என்பதுதான்.

உங்கள் மகனின் பெயர் லோகேஷ் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கதிரையில் மாயா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள் என்றும் வைத்துக்கொள்வோம். மாயா தன் பெயரை எழுத மூன்று வடிவம் தெரிந்தால் போதும்: ம, ய, பிறகு கால், எங்கள் பெரியவர்கள் அரவு என்று சொல்வது. மூன்றிலும் நேர்கோடுதான் கூட, சுழி என்று எதுவும் இல்லை. காதில் கேட்கிற ஒழுங்கிலேயே கையும் போகலாம். லோகேஷுக்கு என்ன வேலை இருக்கிறது பாருங்கள். இரட்டைச் சுழிக் கொம்பு, ல, அரவு, மறுபடியும் கொம்பு, க, ஷ, அதன் தலையில் புள்ளி. ஏழு துண்டு. அதில் ஷ என்பது நாங்கள் பெரியவர்களே ஆளுக்கொரு விதமாக எழுதும் எழுத்து.

துண்டுகளின் எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் ஒழுங்கு. 'லோ' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வாயில் வருவது ல். ஓ பிறகுதான் வருகிறது. ஆனால் எழுதும்போது ஓவின் பாதியை முதலில் போட வேண்டும், அப்புறம் ல, அப்புறம் ஓவின் மீதிப் பாதி. ஒரே ஒரு ஓசை எழுத்துக்கு இரண்டு பக்கமும் நின்று அதைக் கட்டிப் பிடித்திருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை காதை நம்பி எழுதினால் ல-வைத்தான் முதலில் போடும், கொம்பை எங்கேயாவது பிறகு ஒட்டும். அது பிழை என்று நாங்கள் சிவப்புப் பேனையால் வெட்டுகிறோம். உண்மையில் அந்தப் பிள்ளை நன்றாகக் கேட்டிருக்கிறது, கேட்டதை ஒழுங்காக வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கும் இதே தொல்லை உண்டு, அவர்கள் எழுத்திலும் கொம்பு இடப்பக்கம்தான் நிற்கும். அதோடு, நெடிலுக்கென்று கொம்பின் தலையில் சுழி வைக்கும் வழக்கம் வீரமாமுனிவர் கொண்டுவந்தது, ஏறத்தாழ முந்நூறு வருடப் பழக்கம்தான். அதற்கு முன் ஏடுகளில் குறிலும் நெடிலும் ஒரே கொம்பாகக் கிடந்து பெரியவர்களையே குழப்பியிருக்கின்றன. அதனால் உங்கள் மகன் ஒற்றைச் சுழி போட்டாலும் கோபப்படாதீர்கள்.

எங்கள் ஊரில் இது அடிக்கடி வரும். கோணேசர் பெயரைப் பிள்ளைக்கு வைக்காத தெரு இங்கே குறைவு. 'கோணேஸ்' என்று தொடங்கும் பெயர் எதுவானாலும் முதல் இரண்டு எழுத்திலேயே இரண்டு கொம்பு, நடுவில் மூன்று சுழி ண. அந்தப் பிள்ளைகளை பாமா, ரமா என்று பெயருள்ள பிள்ளைகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் யார் கெட்டிக்காரர் என்று தெரியாது, யாருடைய பெயர் சுருக்கம் என்றுதான் தெரியும்.

சரி, வயதுக் கணக்குக்கு வருவோம். இரண்டு வயதுப் பிள்ளை கிறுக்கும். மூன்று வயதளவில் ஒரு மாற்றம் வரும், பல தாய்மார் அதைக் கவனிப்பதே இல்லை. படம் கீறச் சொன்னால் ஒரு விதமாகக் கிறுக்கும், பெயர் எழுதச் சொன்னால் வேறு விதமாக, சின்னச் சின்னதாக, ஒரு வரிசையில் கிறுக்கும். எழுத்து வேறு, படம் வேறு என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்ட இடம் அதுதான். அதற்குப் பிறகு எழுத்து மாதிரியான ஆனால் எந்த மொழியிலும் இல்லாத உருவங்கள் வரும். நாலு வயதையொட்டிப் பெயரின் முதல் எழுத்து, அல்லது பிள்ளைக்குப் பிடித்த ஏதோ ஒரு எழுத்து வரும். ஐந்து வயதையொட்டிப் பெரும்பாலான பிள்ளைகள் முழுப் பெயரையும் எப்படியோ போட்டுவிடுவார்கள், எழுத்து பெரிதும் சிறிதுமாக, கோட்டைவிட்டு வெளியே போனாலும். நாலு வயதில் எழுதுகிறவர்களும் உண்டு, ஐந்தரையில் எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் இயல்பானதுதான். இலங்கையில் தரம் ஒன்றுக்கு எடுக்கும் கணக்கு ஜனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தி என்பது. உங்கள் மகனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இஸ்ரேலிலும் நெதர்லாந்திலும் பிள்ளைகள் எழுதுவதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. எழுதும் திசையே வேறான இரண்டு மொழி. இரண்டிலும் பிள்ளைகள் மற்றச் சொற்களைவிடத் தங்கள் பெயரைத்தான் முந்தி ஒழுங்காக எழுதுகிறார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பெயரில் உள்ள எழுத்துகள், அதிலும் முதல் எழுத்து, பிள்ளைக்குச் சொந்தச் சாமான் மாதிரி. "அது என்ட எழுத்து" என்று கடைப் பலகையைக் காட்டிச் சொல்லும். மாயா என்ற பிள்ளைக்குப் பிறகு 'மான்' என்று எழுதக் காட்டுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? கோட்டைக்குள்ளும் தெருவிலும் தினமும் பார்க்கிற மான், அவளுடைய 'மா' ஏற்கெனவே அதில் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெயரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று நினைக்காதீர்கள். பல பிள்ளைகள் பெயரை ஒரு படம் போலத்தான் வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள ஓர் எழுத்தைத் தனியாக வேறு தாளில் எழுதிக் காட்டினால் தெரியாது. உங்கள் மகனின் வகுப்பில் எழுதுகிற அந்த இரண்டு மூன்று பேரில் இப்படி ஒருவராவது இருக்கலாம். அதில் தவறு எதுவும் இல்லை, அதுவும் ஒரு படி.

பிள்ளைகள் எழுத்தைப் பற்றித் தாங்களாகவே சட்டம் வகுப்பார்கள் என்பதை 1970களில் எமிலியா பெரெய்ரோ, அனா டெபெரொஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அர்ஜென்டினாவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். ஒன்றிரண்டு எழுத்து மட்டும் இருந்தால் அது வாசிக்கிற சொல்லே இல்லை என்று அந்தப் பிள்ளைகள் நினைத்தார்கள். பெரிய மிருகத்தின் பெயர் நீளமாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தார்கள். நான் இதை வாசித்தபோது ஆச்சரியப்படவில்லை, என் வகுப்புப் பையன் ஒருவன் அதற்கு முன்பே எனக்குப் படிப்பித்திருந்தான். அவன் பெயர் ஐந்தெழுத்து, அப்பாவின் பெயர் இரண்டெழுத்து. பலகையில் இரண்டையும் எழுதிக் காட்டியபோது அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அப்பாதான் பெரியவர், டீச்சர் மாற்றி எழுதிவிட்டீர்கள் என்றான். அந்த நாளுக்குப் பிறகு பிள்ளை ஏதாவது பிழையாக எழுதினால், ஏன் அப்படி எழுதினாய் என்று உண்மையாகவே கேட்கப் பழகிக்கொண்டேன்.

திரும்பி இருக்கும் எழுத்தைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். மானையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கடலைப் பார்த்து நின்றாலும் மான், கோயிலைப் பார்த்து நின்றாலும் மான். பிறந்ததிலிருந்து பிள்ளையின் மூளை அப்படித்தான் பழகியிருக்கிறது: எந்தப் பக்கம் திரும்பினாலும் பொருள் ஒன்றுதான். எழுத்து ஒன்றுதான் உலகத்தில் வேறு சட்டம் சொல்கிறது, இந்தப் பக்கம் பார்த்தால் மட்டும்தான் நான் நான் என்று. அதைப் பழக நாளாகும். ஏழு வயது வரைக்கும் இடையிடையே எழுத்து திரும்பி விழுவது சாதாரணம், அதை வைத்து மட்டும் வாசிப்புக் குறைபாடு என்று யாரும் சொல்லக் கூடாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பின்னேரம் குர்ஆன் ஓதப் போய் வலமிருந்து இடமாக அரபு எழுத்தைப் பார்த்துவிட்டு, காலையில் தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறார்கள். கொஞ்ச நாள் தடுமாறுவார்கள், பிறகு இரண்டும் வந்துவிடும்.

இடக்கை. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னியுங்கள். பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் இடக்கைக்காரர். அது பழக்கக் குறைவு இல்லை, பிடிவாதமும் இல்லை. பென்சிலைக் கை மாற்றி வைக்கும் ஒவ்வொரு தடவையும் பிள்ளை பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. ஏழு துண்டுள்ள பெயரைப் பழகாத கையால் எழுதச் சொல்வது எவ்வளவு பாரம்! அம்மம்மாவின் மனதையும் எனக்கு விளங்குகிறது, கோயிலில் பிரசாதம் வாங்கவும் சோறு சாப்பிடவும் வலக்கை வேண்டும் என்பது அவருக்கு மரியாதை. அதை அவர் பழக்கட்டும், பிள்ளை பழகிக்கொள்ளும். பென்சிலை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். இடக்கைப் பிள்ளைக்குத் தாளை நேராக வைக்காமல், மேல் விளிம்பு கொஞ்சம் வலப்பக்கம் சாயும்படி வையுங்கள். இல்லாவிட்டால் எழுதிய எழுத்தை அதன் கையே மூடிவிடும், என்ன எழுதினோம் என்று பார்க்க மணிக்கட்டை வளைத்துப் பிடிக்கும், அந்தப் பிடி பிறகு லேசில் மாறாது. பார்த்து எழுதக் கொடுக்கும் பெயரை இடப்பக்கம் எழுதாமல் தாளின் மேலே எழுதிக் கொடுங்கள்.

கையைப் பற்றி இன்னொன்று. மணிக்கட்டில் எட்டு எலும்பு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன, நாலைந்து வயதில் பாதி அளவுதான் எலும்பாகியிருக்கும். விரல் நுனியில் பென்சிலைப் பிடித்து விரலை மட்டும் அசைத்து எழுதும் பிடி ஐந்து, ஆறு வயதில்தான் பலருக்கு நிலைக்கிறது. பிள்ளைகள் வட்டத்தை மூன்று வயதளவில் பார்த்துக் கீறுவார்கள், சிலுவைக் குறி நாலில், சதுரம் நாலரை ஐந்தில், முக்கோணம் ஐந்தில். ட, ப, ம எழுதப் பெட்டி மூலை வேண்டும். மூலை வராத கைக்கு மூலை எழுத்தைத் திணித்தால் என்ன வரும்? பார்த்துக் கீறச் சொல்லி வட்டமும் சிலுவையும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் உங்கள் மகன் சரியான பாதையில்தான் இருக்கிறான்.

ஏடு தொடக்கியதைப் பற்றி அம்மம்மாவிடம் இப்படிச் சொல்லலாம். அது தொடக்கம், தவணைக் கெடு இல்லை. அன்றைக்கு ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதிய 'அ' இருக்கிறதே, தமிழில் எழுதக் கடினமான வடிவங்களில் அதுவும் ஒன்று: சுழி, வளைவு, குறுக்குக் கோடு, கீழே இறங்கும் கால், எல்லாம் ஒன்றில். ஆனால் அந்த அரிசித் தட்டு மிக நல்ல கருவி. பென்சில் பிடிக்கும் பாரம் இல்லை, விரல் நேராக வடிவத்தை உணர்கிறது, பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போயிற்று. விஜயதசமி முடிந்ததும் தட்டை அலுமாரியில் வைத்துவிடுகிறோம். அம்மம்மாவே பின்னேரத்தில் அந்தத் தட்டை எடுத்துப் பேரனோடு உட்கார்ந்தால் எல்லாருக்கும் நல்லது.

வீட்டில் செய்யக்கூடியது இன்னும் நிறைய இருக்கிறது, எதற்கும் காசு வேண்டாம். கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அலை தொட்டுப் போன ஈர மண்ணில் ஒரு தடியைக் கொடுத்து ஆளுயரத்துக்கு எழுத விடுங்கள். தோளும் கையும் சேர்ந்து ஒரு வடிவத்தைப் போட்டுப் பழகிய பிறகு அதே வடிவம் கொப்பியில் சின்னதாக வருவது சுலபம். வீட்டுச் சீமெந்துச் சுவரில் வாளித் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் கொடுத்தால் அரை மணித்தியாலம் எழுதுவான், வெயில் அழித்துவிடும். ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஓர் உருண்டை கொடுத்துக் கயிறு திரிக்கச் சொல்லி, அந்தக் கயிற்றை வளைத்துக் கொம்பு செய்து காட்டுங்கள். புளியங்கொட்டையால் ல-வை அடுக்கச் சொல்லுங்கள். பஸ்டல் கொடுப்பதென்றால் முறித்துச் சிறு துண்டாகக் கொடுங்கள். சின்னத் துண்டை முழுக் கையால் பிடிக்க முடியாது, விரல் நுனி தானாக வந்துவிடும்.

கொம்புச் சிக்கலுக்கு என் வழி இது. பெயரின் ஏழு துண்டையும் ஏழு அட்டையில் தனித்தனியாகப் பெரிதாக எழுதுங்கள். "கொம்பு போடு, ல போடு, அரவு போடு, லோ!" என்று பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே நீங்கள் அடுக்குங்கள். பிறகு அவன் அடுக்கட்டும். பென்சிலைத் தொடுவதற்கு முன் அடுக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, பிறகு எழுதும்போது ஒழுங்கைப் பற்றி யோசிக்காமல் வடிவத்தை மட்டும் யோசிக்கலாம். ர வருகிற பெயரென்றால் அரவுக்கும் ர-வுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டையில் விரலால் தடவிக் காட்டுங்கள். 'ரா' என்பதை 'ரர' என்று எழுதாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் கொப்பிகளை எல்லாரும் வாங்குகிறார்கள். எனக்கு அவை அவ்வளவு பிடிக்காது. பிள்ளை புள்ளியிலிருந்து புள்ளிக்குத் தாவுகிறது, எழுத்து எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்று கவனிப்பதில்லை. ஒரு முறை என் வகுப்புக்கு வந்த பிள்ளை ஒரு வருடமாக அப்படிப் பெயரைப் புள்ளியில் எழுதியிருந்தது. புள்ளியில்லாத தாளைக் கொடுத்ததும் முதலில் தானே புள்ளி வைத்துவிட்டு, பிறகு அவற்றைச் சேர்க்கப் பார்த்தது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக எழுதுவதைப் பிள்ளை பார்ப்பது பத்துப் பக்கக் கொப்பிக்குச் சமன். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் தவறிப்போன தாய்மார் சிலர் என்னிடம் வந்து, எங்களுக்கே எழுத்து ஒழுங்காக வராது, எப்படிக் காட்டுவது என்று தலை குனிந்து கேட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தாக நின்று நின்று எழுதும் தாயின் கைதான் பிள்ளைக்குப் பார்க்க வசதி. வேகமாக எழுதும் எங்கள் கையில் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

முக்கியமான இன்னொரு விசயம், வீட்டுப் பெயர். எங்கள் ஆட்கள் பிறப்புச் சான்றிதழில் ஒன்றை வைத்துவிட்டு வீட்டில் குட்டி, தம்பி, சின்னவன் என்று கூப்பிடுவோம். நாலு வயதுப் பிள்ளைக்கு 'தம்பி' என்பதுதான் தான். கொப்பியில் டீச்சர் எழுதித் தரும் பெயர் யாரோ ஒருவருடையது. அதில் எப்படி ஆசை வரும்? உங்கள் மகன் வீட்டில் எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறான் என்று கவனியுங்கள். வீட்டுப் பெயரையே முதலில் எழுத ஆசைப்பட்டால் எழுதட்டும், தம்பி என்பது மூன்றெழுத்து. முழுப் பெயரைத் தண்ணீர்ப் போத்தலிலும் செருப்பிலும் சாப்பாட்டுப் பெட்டியிலும் அவன் கண் முன்னால் எழுதி, அதைச் சொல்லியும் கூப்பிடுங்கள். எழுத்துக்கூட்டலை ஒன்றாக வைத்திருங்கள். வீட்டில் 'ஷ்', முன்பள்ளியில் 'ஸ்', கிளினிக் கொப்பியில் வேறொன்று என்றால் பிள்ளைக்கு எது தன் பெயர் என்று எப்படித் தெரியும்? பிறப்புச் சான்றிதழில் உள்ளதையே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லி முன்பள்ளி ஆசிரியையிடம் ஒரு துண்டில் கொடுத்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் தொடங்கினால் சுலபமா என்றால், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நேர்கோடு அதிகம், கை சீக்கிரம் பழகும். அதனால் ஆங்கிலத்தில் பெயர் எழுதும் பிள்ளை உங்கள் மகனைவிட முந்திவிட்டது என்று அர்த்தமில்லை, அது ஏறியது சின்ன மேடு. நீங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், தரம் ஒன்று தமிழில்தான் என்றால் தமிழ்ப் பெயரை முதலில் நிலைக்க விடுங்கள். அடுத்தது தானாக வரும். இந்த ஊரில் பெயர்ப் பலகை எல்லாம் மூன்று மொழியில் தொங்குகிறது, பிள்ளைகள் மூன்றையும் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள்.

டியூஷன் வேண்டாம். நாலு வயதுக்கு வேண்டவே வேண்டாம்.

எப்போது ஒருவரிடம் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். நாலு வயது தாண்டியும் வட்டம் வரவில்லை, ஐந்தரை வயதாகியும் பெயரில் ஓர் எழுத்தும் வரவில்லை, கரண்டி பிடிப்பது பொத்தான் போடுவது எல்லாமே சிரமம், தாளை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்க்கிறான், பேச்சும் பிந்துகிறது: இதில் ஏதாவது இருந்தால் கிளினிக் கொப்பியோடு உங்கள் மிட்வைஃபிடம் பேசுங்கள், அவர் எம்.ஓ.எச். எனும் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு வழி சொல்வார். கண்ணையும் காதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கண் குறையைப் படிப்புக் குறை என்று நினைத்து அடி வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்று பின்னேரம் ஒன்று செய்து பாருங்கள். ஒரு வெற்றுத் தாளும் முறித்த பஸ்டல் துண்டும் கொடுத்து, ஏதாவது கீறச் சொல்லுங்கள். முடிந்ததும், "இது யார் கீறியது என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாமா, உன் பெயரையும் போடு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். கொம்பு எந்தப் பக்கம் விழுந்தாலும், வெறும் கிறுக்கலாக இருந்தாலும் திருத்த வேண்டாம். தாளின் பின்புறம் திகதியைப் போட்டு ஒரு கோவையில் வையுங்கள். மாதத்துக்கு ஒன்று போதும், நாலு மாதம் கழித்து நாலையும் வரிசையாக நிலத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.